வீடு கட்டி முடிந்துவிட்டது: அமைவுச் சான்றிதழ் பெறுவது எப்படி?

பல வருடங்களாக நலன்புரி நிலையத்திலும், உறவினர் வீட்டிலும், வாடகை வீட்டிலும் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரையும் போட்டாகிவிட்டது. அடுத்ததாக எல்லோரும் நினைப்பது குடிபூரலுக்கு ஒரு நல்ல நாள். அந்த நாளைக் குறிப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கட்டி முடித்த வீட்டை உள்ளூராட்சி சபை வந்து பார்வையிட்டு, அது அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படியும் சட்டத்தின்படியும் கட்டப்பட்டுள்ளது என எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பத்திரம்தான் அமைவுச் சான்றிதழ். சபைக்குச் சபை பெயர் சற்று மாறும். இணக்கச் சான்றிதழ், குடிபுகு சான்றிதழ் என்றும் சொல்வார்கள். அலுவலகங்களில் சுருக்கமாக "சீ.ஓ.சீ." என்பார்கள்.

இந்தச் சான்றிதழை எப்படிப் பெறுவது, எங்கே தடங்கல் வரும், அதை எப்படித் தவிர்ப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இதை இப்போதே வாசிப்பது நல்லது. பின்னர் வரும் சிக்கல்களில் அநேகமானவை அத்திவாரம் வெட்டும் நாளிலேயே தொடங்குகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, அச்சட்டம் நடைமுறையில் உள்ள பகுதியில் கட்டடம் கட்டுவதற்கு முன் சபையின் அனுமதி பெற வேண்டும். கட்டி முடித்த பின், தவிசாளரின் சான்றிதழ் கிடைக்கும்வரை காவலாளி தவிர வேறு எவரும் அக்கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். அங்கும் முதலில் அபிவிருத்தி அனுமதி, முடிவில் அமைவுச் சான்றிதழ் என்பதே ஒழுங்கு.

இரண்டு சட்டங்களில் எது பொருந்தினாலும் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: உங்கள் காணி அமைந்துள்ள பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபை. பெரிய பிரதேச சபைகளுக்கு உப அலுவலகங்கள் உண்டு. உங்கள் கிராமத்துக்கு எந்த உப அலுவலகம் பொறுப்பு என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு அறியலாம். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் வேறு வேறு அலுவலகங்கள். காணி விடயங்களைச் செயலகம் பார்க்கிறது. கட்டட அனுமதியைச் சபை பார்க்கிறது.

மூன்று பத்திரங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

மீள்குடியேறிய குடும்பங்களிடம் நாம் அடிக்கடி காணும் குழப்பம் இது. வீடமைப்புத் திட்டத்தின் கடைசித் தவணைப் பணம் கிடைக்கும்போது, திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீட்டைப் பார்வையிட்டு "வேலை பூர்த்தி" எனக் கையொப்பமிடுகிறார். பலர் அதையே இறுதி அனுமதி என எண்ணிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள்.

வேலை பூர்த்திக் கடிதம்: உதவி வழங்கிய நிறுவனம் தருவது. கொடுத்த பணத்துக்குரிய வேலை நடந்துள்ளது என்பதை மட்டுமே இது காட்டும்.

அமைவுச் சான்றிதழ்: உள்ளூராட்சி சபை தருவது. வீடு அனுமதிக்கப்பட்டபடி கட்டப்பட்டுள்ளது, அதில் குடியிருக்கலாம் என்பதைக் காட்டும்.

உறுதி, அளிப்பு அல்லது காணி அனுமதிப்பத்திரம்: காணியில் உங்களுக்குள்ள உரிமையைக் காட்டும்.

இவற்றில் ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. அமைவுச் சான்றிதழ் கையில் இருப்பதால் காணி உங்களுடையதாகிவிடாது. உறுதி இருப்பதால் வீட்டுக்கு அனுமதி கிடைத்ததாகவும் ஆகாது.

இது ஏன் உங்கள் குடும்பத்துக்கு முக்கியம்?

இன்று எவரும் வந்து கேட்காமல் இருக்கலாம். ஆனால் வீட்டை வைத்து வங்கிக் கடன் கேட்கும்போது, முன் அறையில் கடை தொடங்க விரும்பும்போது, வீட்டைப் பெரிதாக்க மறுபடி விண்ணப்பிக்கும்போது, பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும்போது அல்லது விற்கும்போது இந்தப் பத்திரம் தேவைப்படலாம். பத்து வருடங்களின் பின் அதைத் தேடும்போது வரைபடம் கீறியவர் இருக்கமாட்டார், மேசன் இருக்கமாட்டார், கோப்பு இலக்கமும் தெரியாது. வேலை முடிந்த கையோடு எடுப்பதே இலகுவானது.

இன்னொரு காரணமும் உண்டு. சபையின் பரிசோதனையில் பார்க்கப்படுபவை உங்கள் பிள்ளைகளின் சுகாதாரத்துடன் தொடர்பானவை: கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரம், அறைக்குள் வரும் காற்றும் வெளிச்சமும், மழைநீர் வடியும் வழி.

விண்ணப்பிக்க முன்: அனுமதி எடுக்கப்பட்டதா?

அமைவுச் சான்றிதழ் என்பது இரண்டாவது படி. முதற்படி, கட்டத் தொடங்குவதற்கு முன் பெற்ற கட்டட அனுமதி. வீடமைப்புத் திட்டங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே மாதிரி வரைபடம் வழங்கப்படுவதால், அனுமதி எடுக்கப்பட்டதா, எவரின் பெயரில் எடுக்கப்பட்டது என்பது குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கலாம். திட்டத்தின் கள உத்தியோகத்தரிடமும் சபையிடமும் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள்:

1. எனது வீட்டுக்கான கட்டட விண்ணப்பம் சபையில் இருக்கிறதா? அதன் கோப்பு இலக்கம் என்ன?
2. அனுமதி எவரின் பெயரில் வழங்கப்பட்டுள்ளது?
3. அனுமதியின் காலம் எப்போது முடிகிறது? முடிந்திருந்தால் நீடிக்க என்ன செய்ய வேண்டும்?
4. அனுமதிக் கடிதத்தில் விசேட நிபந்தனைகள் ஏதும் உண்டா?

நான்காவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். வீதிக்காக விடவேண்டிய இடம், குழி அமைய வேண்டிய பக்கம் போன்ற நிபந்தனைகள் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கலாம். பரிசோதனைக்கு வருபவர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்.

கடற்கரையை அண்டிய கிராமங்களில் இருப்போர் கவனிக்க: 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் கட்டடம் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். சபையின் அனுமதி மட்டும் போதாது.

பத்திரங்கள்

பொதுவாகக் கேட்கப்படுபவை: சபையிற் பெறும் விண்ணப்பப் படிவம், அனுமதிக்கப்பட்ட வரைபடமும் அனுமதிக் கடிதமும், உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப்படம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, ஆதன வரி அறவிடப்படும் பகுதியாயின் அதன் பற்றுச்சீட்டு. உங்கள் சபையின் பட்டியலை நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த இடத்தில்தான் சிரமம் வருகிறது. உங்கள் நிலைமை கீழ்வருவனவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

உறுதி தொலைந்துவிட்டது. ஓடிய ஓட்டத்தில் பெட்டி தவறிப்போனவர்கள் பலர். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது சட்டம். ஆகவே உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெற விண்ணப்பிக்கலாம். இவை நினைவில் இல்லையென்றால், வெளிநாட்டிலோ வேறு மாவட்டத்திலோ உள்ள உறவினரிடம் பழைய நிழற்பிரதி ஏதும் உண்டா என விசாரியுங்கள். அயற்காணியின் உறுதியில் எல்லையாக உங்கள் காணி குறிக்கப்பட்டிருப்பதும் தேடுவதற்கு உதவும்.

அரச காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்றவர்கள், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்கள் பெயர் பதிவிலுள்ளதா என உறுதிசெய்யுங்கள். அனுமதிப்பத்திரம் இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தால் பின்னுரித்தாளர் பதிவைப் பற்றி அங்கேயே கேளுங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் வழங்கிய அற்றோர்னித் தத்துவம் தேவைப்படும். அதில் கட்டட விண்ணப்பம், சான்றிதழ் தொடர்பாகச் சபையில் கையொப்பமிடும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள்.

சகோதரர்களுக்குப் பொதுவான காணி. மற்ற உரித்தாளர்களின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறுங்கள். வீடு எழும்பிய பின் வரும் மனத்தாங்கலைவிட, முன்னரே பேசிக்கொள்வது நல்லது.

கணவர் காணாமற் போயுள்ளார். காணியோ அனுமதியோ அவர் பெயரில் இருப்பதால் எதுவும் செய்ய முடியாது என எண்ணி இருந்துவிட வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்களுக்குக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி செய்துள்ளது. அதைப் பெறுவதால் உங்கள் கணவர் இறந்துவிட்டார் என நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதை வைத்து உங்கள் விடயத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் உங்கள் மாவட்ட அலுவலகத்திற் கேளுங்கள். வருமானம் குறைந்தோருக்கு அங்கு சட்ட ஆலோசனை இலவசம்.

பரிசோதனை நாளில் என்ன பார்ப்பார்கள்?

விண்ணப்பத்தைக் கொடுத்து, கட்டணத்தைச் சபையின் காசாளரிடம் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். மீள்குடியேறியோருக்குக் கட்டணச் சலுகை உண்டா எனவும் கேளுங்கள். பின்னர் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீட்டைப் பார்க்க வருவார்கள். வீட்டில் விடயம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். எல்லைக் கற்களை மறைக்கும் பற்றைகளை முதல்நாளே வெட்டிவிடுங்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடா பிடித்து வீட்டின் நீள அகலத்தையும், எல்லையிலிருந்தும் வீதியிலிருந்தும் விட்டுள்ள தூரத்தையும் வரைபடத்துடன் ஒப்பிடுவார். அறைகளின் அளவு, கூரையின் உயரம், யன்னல்கள், பின்புறத்தில் விட்ட வெளி, கூரைத் தண்ணீர் அயலவரின் காணிக்குள் விழாதபடி தாழ்வாரம் அமைந்துள்ளதா என்பனவும் பார்க்கப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடம், கழிவுநீர்த் தொட்டி, உறிஞ்சு குழி, கிணறு, குளிக்கும் இடத்துத் தண்ணீர் போகும் வழி என்பவற்றைப் பார்ப்பார். தொட்டியின் மூடியை மண்போட்டு மூடியோ, மேலே சீமெந்து பூசியோ வைக்க வேண்டாம். திறந்து காட்டக்கூடியதாக இருக்கட்டும்.

இருவரும் தமது அறிக்கையைக் கொடுத்த பின் கோப்பு சபையின் திட்டமிடற் குழுவுக்குப் போகும். அனுமதி கிடைத்ததும் தவிசாளரோ அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரோ சான்றிதழில் கையொப்பமிடுவார்.

கிணறும் குழியும்: அதிகம் தடைப்படும் இடம்

குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. எமது மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் துவாரங்களும் உண்டு. மணலில் ஊறிப்போகும் தண்ணீர் ஓரளவு வடிகட்டப்படும். கல்லின் வெடிப்பு வழியே போகும் கழிவுநீர் அப்படியே நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். குடாநாட்டின் குடிதண்ணீருக்கு முக்கிய ஆதாரம் அந்த நிலத்தடி நீர்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். இரண்டு பரப்புக் காணி. வரைபடத்தில் குழி காணியின் தென்மேற்கு மூலையில். வெட்டத் தொடங்கியதும் இரண்டு அடியிலேயே கல் வந்துவிட்டது. கல் உடைக்கக் கூலி அதிகம் என்று, மேசனின் யோசனைப்படி மண் இளகலாக இருந்த வடக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். அங்கிருந்து அவர்களின் கிணற்றுக்கு 60 அடி. ஆகவே பிரச்சினை இல்லை என நினைத்தார்கள். ஆனால் வேலிக்கு அப்பால், இன்னும் திரும்பி வராத அயலவரின் காணியில், பற்றைக்குள் மூடுண்டு ஒரு கிணறு இருந்தது. அதற்கும் இந்தக் குழிக்கும் இடையில் 25 அடிதான். பரிசோதகர் அனுமதிக்க மறுத்தார். குழியை மூடி, மறுபடி கல் உடைத்து, பழைய இடத்திலேயே வெட்ட வேண்டியதாயிற்று. இரட்டிப்புச் செலவு.

இந்த உதாரணம் சொல்வது இதுதான்: அயற்கிணறும் கிணறுதான். அந்த வீட்டுக்காரர் இன்று இல்லை என்றாலும் நாளை வருவார். அவரும் உங்களைப் போலவே கிணற்றை இறைத்து, முதல் வாளித் தண்ணீரைக் குடிப்பார். குழி வெட்ட முன் நான்கு பக்கத்து வேலிக்கு அப்பாலும் பாருங்கள். பழைய கிணறு எங்கே இருந்தது என ஊரில் மூத்தவர்களைக் கேளுங்கள்.

குழி வெட்டும்போது சந்தேகத்துக்கிடமான பொருள் எதையும் கண்டால் தொடவோ அசைக்கவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் உடனே அறிவியுங்கள்.

வரைபடத்துக்கு மாறாகக் கட்டியிருந்தால்

கட்டும்போது சிறு மாற்றங்கள் வருவது வழமை. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் ஒரு பத்தி இறக்கியிருப்பீர்கள். புகை வீட்டுக்குள் வராமல் அடுப்படியை வெளியே கட்டியிருப்பீர்கள். இவற்றை மறைக்க முயலாமல், விண்ணப்பிக்க முன்னரே சபையில் சொல்லுங்கள்.

விதிகளுக்கு உட்பட்ட மாற்றமாயின், இப்போது உள்ளபடி திருத்திய வரைபடத்தைப் படவரைஞர் மூலம் தயாரித்துக் கொடுத்து அனுமதி பெறக்கூடும். இதற்கு மேலதிகக் கட்டணம் அறவிடப்படலாம். அனுமதி பெறாமலே கட்டிய வீட்டுக்கும் பின்னர் அனுமதி கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை.

விதிகளுக்கு மாறானது வேறு விடயம். ஒழுங்கையின் எல்லைக்குள் நீட்டிக் கட்டிய கடை அறை, அயற்காணிக்குள் புகுந்த சுவர், கிணற்றை அண்டிய குழி ஆகியவை கட்டணம் செலுத்துவதால் சரியாகிவிடா. அந்தப் பகுதியை இடிக்கவோ மாற்றவோ வேண்டிவரும். கட்டுகின்றபோதே மேசனோ ஓவசியரோ "இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அந்த இடத்தில் வேலையை நிறுத்திச் சபையிடம் கேளுங்கள். ஒரு நாள் பிந்துவது ஒரு சுவரை இடிப்பதைவிடச் செலவு குறைவு.

தாமதமானால் அல்லது மறுத்தால்

மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "அது சரியில்லை, இது சரியில்லை" என்று வாயால் சொல்வதைக் கேட்டுத் திரும்ப வேண்டாம். எதை எந்த அளவுக்குத் திருத்த வேண்டும் எனக் கடிதத்தில் இருந்தால்தான் மேசனிடம் காட்டி வேலை செய்விக்கலாம். திருத்திய பின் மறுபரிசோதனைக்கு எழுத்தில் கேளுங்கள்.

பதிலே இல்லாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் உங்கள் கோப்பின் நிலையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லாமலே தகவல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விண்ணப்பம் தமிழில் இருக்கலாம்.

பற்றுச்சீட்டு இல்லாமல் எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். "விரைவாக முடித்துத் தருகிறேன்" என்று கேட்பவர் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தரகராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். இலஞ்சம் பற்றிய முறைப்பாடுகளை 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தற்காலிகக் கொட்டிலில் மழைக்காலத்தைக் கழிக்க முடியாது. சான்றிதழ் வரும்வரை என்ன செய்வது?
வேலை முடியும்வரை காத்திராமல், முடியப்போகும் மாதத்திலேயே பத்திரங்களைத் தயாராக்குங்கள். முடிந்ததும் உடனே விண்ணப்பித்து, உங்கள் குடும்ப நிலைமையை விளக்கிப் பரிசோதனையை விரைவுபடுத்துமாறு தவிசாளருக்குக் கடிதம் கொடுங்கள். வயோதிபர், கைக்குழந்தை, மாற்றுத்திறனாளி இருப்பின் அதையும் எழுதுங்கள்.

பூச்சு வேலை முழுதாக முடியவில்லை. விண்ணப்பிக்கலாமா?
வண்ணம் பூசுவது பின்னர் நடக்கலாம். ஆனால் கதவு, யன்னல், மலசலகூடம், குழி, தண்ணீர் வடியும் வழி முடிந்திருக்க வேண்டும். எஞ்சிய வேலையைப் பற்றி முன்கூட்டியே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பழைய வீட்டின் சுவரைத் திருத்தித்தான் கட்டினோம். எமக்கும் தேவையா?
கூரையில்லாமல் நின்ற சுவர்களின் மேல் மறுபடி கட்டுவதற்கும் அனுமதி தேவைப்படலாம். எவ்வளவு பகுதி பழையது, எவ்வளவு புதியது என்பதைச் சொல்லிச் சபையிடம் கேளுங்கள். வேலை தொடங்க முன் எடுத்த புகைப்படங்கள் இருந்தால் கொண்டுபோங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை

ஒரு பொலித்தீன் உறைக்குள் பின்வருவனவற்றை ஒன்றாக வையுங்கள்:

• உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப்படம்
• அனுமதிக்கப்பட்ட வரைபடமும் அனுமதிக் கடிதமும்
• வீடமைப்புத் திட்டத்தின் வேலை பூர்த்திக் கடிதம்
• சபைக்குச் செலுத்திய எல்லாப் பற்றுச்சீட்டுகளும்
• சபையுடன் நடந்த கடிதத் தொடர்புகள்
• அமைவுச் சான்றிதழின் மூலப்பிரதி

ஒவ்வொன்றிலும் நிழற்பிரதி எடுத்து வேறோர் இடத்தில், நம்பிக்கையான உறவினரிடம் வையுங்கள். கைத்தொலைபேசியிற் படமெடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பிவையுங்கள். ஒருமுறை பத்திரங்களை இழந்து, அவற்றுக்காகப் பல வருடம் அலைந்தவர்களுக்கு இதன் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படிவம் நிரப்புவதிலோ, கடிதம் எழுதுவதிலோ உதவி தேவைப்பட்டால் உங்கள் கிராமத்துக்கு வரும் எமது கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இந்த உதவிக்குக் கட்டணம் எதுவும் இல்லை.